நோயற்ற விதைக்கரும்பும் அதற்குரிய தவறணையும்

நெற்செய்கையில் விதையினால் நேரும் குறை பெரும்பாலும் ஒரு போகத்துடன் முடிவடைகின்றது. கலப்பு மிகுந்த விதைநெல்லை விதைத்த கமக்காரர் அடுத்த போகத்தில் நல்ல விதையைப் பெற்று அக்குறையை நீக்கிக்கொள்ளலாம். மிளகாய், கத்தரி, தக்காளி முதலிய மரக்கறிப் பயிர்களின் நிலையும் அத்தகையதே. ஆனாற் கரும்பு அவ்வகைப்பட்ட பயிரன்று. ஒரு முறை நடப்பட்ட கரும்பு, முதல் வெட்டுக்குப் பின்னர் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்து, மறுதாம்புப் பயிராக மேலும் பல ஆண்டுகளுக்கு அதே நிலத்தில் நிற்கும். எனவே நட்ட நாளில் மண்ணுட் சென்ற நோய் அப்பயிர் நிற்கும் ஆண்டுகள் அனைத்திலும் கூடவே நிற்கும்.

இலங்கையில் இன்று கரும்பு, மொனறாகலை மாவட்டத்துப் பெல்வத்தை, செவனகலை ஆகிய பகுதிகளிலும், அம்பாறை மாவட்டத்து ஹிங்குராணையைச் சூழ்ந்த கல்லோயாப் பிரதேசத்திலும் பெருமளவிற் செய்கை பண்ணப்படுகின்றது. இப்பகுதிகளில் நெல்லையும் மரக்கறியையும் பயிரிட்டுப் பழகிய கமக்காரர் கரும்பிற் கைவைக்கும்பொழுது, முதலிற் கவனிக்க வேண்டியது நடுகைப் பொருளின் தூய்மையாகும். பசளை குறைந்தாற் பின்னர் இடலாம். களை மிகுந்தாற் பின்னர் பிடுங்கலாம். ஆனால் நோயுற்ற கரணையை நட்ட பின்னர் அதனைக் குணப்படுத்தும் மருந்து எதுவுமில்லை.

நோய் கரணையுடன் செல்லும் விதம்

நெல்லும் மரக்கறியும் வித்தினால் இனம்பெருகுகின்றன. தாய்ப்பயிரிலுள்ள நோய்கள் பல வித்தினுட் புகுவதில்லை. கரும்போ, கரணை எனப்படும் தண்டுத் துண்டத்தினாலேயே நடப்படுகின்றது. கரணை என்பது தாய்க்கரும்பின் ஒரு பகுதியேயாதலின், தாயின் சாற்றிலிருந்த நோய்க்கிருமி அனைத்தும் அதனுடன் புதிய நிலத்துக்குச் செல்லும்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். நோயுற்ற ஒரு கரும்புப் புதரில் ஐந்து தண்டுகள் உள்ளன எனவும், ஒவ்வொரு தண்டும் மூன்று கரணைகளாக வெட்டப்படுகின்றது எனவும் கொள்வோமாயின், அவ்வொரு புதரினாற் புதிய வயலிற் பதினைந்து நோய்ப் புதர்கள் உண்டாகலாம். அவ்வயலிலிருந்தே மீண்டும் கரணை எடுக்கப்படுமாயின், அடுத்த வயலில் அவை இருநூற்றிருபத்தைந்தாகும். பூச்சியினாலும் கத்தியினாலும் பரவுவது இதற்கு மேலதிகமாகும்.

கவனிக்க வேண்டிய நோய்கள்

1. வெள்ளிலை நோய். இலங்கையிற் கரும்புக்குப் பெருங்கேடு விளைவிப்பது இதுவே. பைற்றோபிளாசுமா எனப்படும் மிக நுண்ணிய கிருமியினால் இது உண்டாகின்றது. நோயுற்ற புதரின் இலைகள் முழுவதும் வெளிறியோ, வெண்ணிறக் கோடுகள் கொண்டோ காணப்படும். தண்டு பருக்காது. அடியிலிருந்து மெல்லிய கிளைப்புகள் மிகுதியாக வெடித்து, புதர் புற்கற்றையைப் போலத் தோன்றும். மறுதாம்புப் பயிரில் இதன் கடுமை மிகும். நோயுற்ற கரணைகளாற் பரவுவதோடு, ஒருவகை இலைத்தத்தியினாலும் இது புதருக்குப் புதர் எடுத்துச் செல்லப்படும். நோயுற்ற புதர்கள் சில, அடையாளம் எதனையுங் காட்டாது பச்சையாகவே நிற்பதும் உண்டு.

2. கரிப்பூட்டை நோய். இது ஒரு பங்கசினால் உண்டாவது. தண்டின் நுனியிலிருந்து சாட்டையைப் போன்ற நீண்ட கரிய உறுப்பு வெளிவரும். அதனை மூடியுள்ள மெல்லிய வெள்ளிச் சவ்வு வெடித்ததும், கரித்தூளைப் போன்ற கோடிக்கணக்கான வித்திகள் காற்றிற் பரந்து ஏனைய கரும்புகளின் கண்களிற் படியும்.

3. மறுதாம்புக் குட்டை நோய். 1940 களில் அவுத்திரேலியாவின் குயின்சுலாந்துப் பகுதியில் முதன்முதல் வேறுபிரித்து அறியப்பட்ட இந்நோய், நெடுங்காலம் வைரசினால் ஏற்படுவதென்று கருதப்பட்டது. அது தண்டின் நீர்க்குழாய்களில் வாழும் ஒரு பற்றீரியாவினால் ஏற்படுவதென்பது 1973 இலேயே வெளியாயிற்று. இலையிலோ தண்டின் வெளிப்புறத்திலோ இதற்கெனத் தனியடையாளம் எதுவுமில்லை. கரும்பு சற்றுக் குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும். மறுதாம்பு ஆண்டுக்காண்டு குன்றும். கமக்காரர் அதனை மழைக்குறைவு என்றோ பசளைக்குறைவு என்றோ எண்ணி ஏமாறுவர். முதிர்ந்த தண்டைக் கணுவிற் சீவிப் பார்க்குமிடத்து, செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் சிலவேளைகளிற் காணப்படும். வெட்டும் கத்தியே இதனைப் பரப்பும் முதன்மையான கருவியாகும்.

இவற்றுள் இரண்டு, கண்ணுக்குப் புலப்படாமலும் தாய்ப்பயிரில் மறைந்திருக்க வல்லவை என்பது ஊன்றிக் கவனித்தற்குரியது. பார்வைக்குச் செழிப்பாக நிற்பது நல்ல விதைக்கரும்பு என்பதற்குப் போதிய சான்றன்று. அது எங்கிருந்து வந்தது, அதன் தாய் எது, அத்தாய்க்கு என்ன பரிகாரம் செய்யப்பட்டது என்பனவே சான்றாகும். இக்காரணத்தினாலேயே விதைக்கரும்புக்கெனத் தனித் தவறணை வேண்டப்படுகின்றது.

தவறணை முறை தோன்றிய வரலாறு

யாவாத் தீவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேரே என்னும் நோய் கரும்புச் செய்கையைப் பெரிதும் பாதித்தது. அங்கிருந்தோர், நோய் குறைந்த மலைப்பாங்கான இடங்களில் விதைக்கரும்பை வளர்த்து, அதனைச் சமவெளிக்குக் கொணர்ந்து நட்டுப் பயிரைக் காத்தனர். பின்னர் 1920 களில் அங்கேயே கரணைகளை வெந்நீரில் அமிழ்த்தி அந்நோயை நீக்கும் முறையும் கண்டறியப்பட்டது. விதைக்கரும்பை வேறிடத்தில் வளர்த்தல், வெப்பத்தினாற் கிருமியை அழித்தல் ஆகிய இவ்விரண்டு முறைகளுமே இன்றைய தவறணைக்கு அடிப்படையாகும்.

மூன்று படிகள்

முதற் படி தாய்த் தவறணை. தெரிந்தெடுத்த வருக்கத்தின் தூய கரும்பை வெந்நீர்ப் பரிகாரம் செய்து, ஆராய்ச்சி நிலையத்திலோ தொழிற்சாலையின் நேரடிப் பராமரிப்பிலோ வளர்ப்பது இது.

இரண்டாம் படி முதனிலைத் தவறணை. தாய்த் தவறணையின் கரணைகளை நட்டு உண்டாக்கப்படுவது இது.

மூன்றாம் படி துணைத் தவறணை. இதிலிருந்தே கமக்காரரின் வயலுக்குக் கரணை வழங்கப்படும். அனுபவமுள்ள கமக்காரர் ஒருவர் தமது சொந்த நிலத்தில், வெளிக்கள உத்தியோகத்தரின் மேற்பார்வையில் இதனை நடத்தலாம்.

நன்கு பராமரிக்கப்பட்ட ஓர் ஏக்கர்த் தவறணையிலிருந்து ஏறக்குறைய எட்டு ஏக்கருக்கு வேண்டிய கரணைகளைப் பெறலாம். ஆகவே அறுபத்துநான்கு ஏக்கரிற் கரும்பு நட விரும்பும் கமக்காரர் குழுவொன்றுக்கு எட்டு ஏக்கர்த் துணைத் தவறணையும், அதற்கு முன்னர் ஓர் ஏக்கர் முதனிலைத் தவறணையும் தேவைப்படும். தவறணையை நடுவதற்கு முன்னரே இக்கணக்கைப் போட்டுக்கொள்ளாதவர்கள், நடுகைக் காலத்திற் கரணை போதாமல், அயல் வயலின் பழைய மறுதாம்பை வெட்டிக் குறையை நிரப்புவர். அதுவரை எடுத்த முயற்சி அனைத்தும் அவ்வொரு செயலினால் வீணாகும்.

வெந்நீர்ப் பரிகாரம்

கரணைகளை 50 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் இரண்டு மணித்தியாலம் அமிழ்த்தி வைத்தலே மறுதாம்புக் குட்டை நோய்க்குரிய பரிகாரமாகும். கரிப்பூட்டை நோயும் இதனாற் பெரிதும் நீங்கும். வெள்ளிலை நோயை வெப்பப் பரிகாரம் குறைக்குமேயன்றி, முற்றாக நீக்கிவிடுமென்று கொள்ளலாகாது.

நீரின் வெப்பம் தொட்டியின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவாக நிற்றல் வேண்டும். அது ஓரிரு பாகை குறைந்தாற் கிருமி பிழைத்துக்கொள்ளும். ஓரிரு பாகை கூடினாற் கண்கள் வெந்து முளைக்காமற் போகும். ஆகையால் வெப்பமானியும் நீரைச் சுழலச் செய்யும் அமைப்புமுடைய தொட்டியிலன்றி இப்பரிகாரத்தைச் செய்தலாகாது. வீட்டிற் பாத்திரத்தில் நீரைச் சுடவைத்துக் கையினாற் சூடு பார்த்துச் செய்யும் முயற்சி கரும்பையும் கெடுக்கும், நோயையும் விட்டுவைக்கும். பரிகாரம் பெற்ற கரணைகளை ஆறவைத்து, சிபார்சு செய்யப்பட்ட பங்கசுநாசினிக் கரைசலில் தோய்த்துத் தாமதியாது நட வேண்டும். அன்றேல் மண்ணிலுள்ள பங்கசு வெட்டுவாய் வழியே புகுந்து, கரணையை உள்ளே கறுத்தழுகச் செய்யும். அவ்வாறு அழுகிய கரணையைப் பிளந்தால் அன்னாசிப்பழ வாசனை வீசும். பரிகாரம் பெற்ற கரணைகளின் முளைதிறன் சற்றுக் குறைவாதலின், தாய்த் தவறணையிற் கரணைகளை நெருக்கமாக நடுதல் நன்று.

தவறணை நிலம்

தவறணைக்குரிய நிலம் பழைய கரும்பு வயல்களிலிருந்து விலகியதாயும், நீர்ப்பாய்ச்சல் வசதியுடையதாயும், வண்டி சென்றுவரக் கூடியதாயும் இருத்தல் வேண்டும். முன்னர்க் கரும்பு நின்ற நிலமாயின், பழைய கட்டைகளை முற்றாகக் கிளறி நீக்கி, ஒரு போகமேனும் நெல்லோ அவரைக் குடும்பப் பயிரோ செய்த பின்னரே அதனைத் தவறணைக்கு எடுத்தல் வேண்டும். தானாக முளைக்கும் பழைய கட்டையொன்று புதிய தவறணையின் நடுவே நின்று நோயை ஊட்டும். நெல் விளைந்த தாழ்நிலத்தை எடுப்பதாயின், கரும்பின் வேர் தேங்குநீரைப் பொறாதாகலின், வடிகால் வெட்டுதல் முதல் வேலையாகும்.

காலம்

விதைக்கரும்பு ஏழு முதல் எட்டு மாத வயதினதாயிருத்தல் சிறந்தது. இவ்வயதிற் கண்கள் உறுதியாயும் தண்டு சாறு மிகுந்தும் இருக்கும். ஆலைக்கு வெட்டும் முதிர்ந்த கரும்பின் அடிக்கண்கள் மந்தமாகவே முளைக்கும். ஆகவே பெரும்போக மழையுடன் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வயலில் நட வேண்டுமாயின், தவறணை பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நடப்பட்டிருத்தல் வேண்டும். ஏப்பிரில் நடுகைக்கு ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் தவறணையை நட வேண்டும். இவ்விரு தவறணைகளும் வறண்ட மாதங்களைக் கடந்தே வளர வேண்டியிருப்பதனால், நீர் உறுதியில்லாத இடத்தில் தவறணை அமைத்தல் பயனற்றது.

நடுகையும் பராமரிப்பும்

மூன்று கண்களையுடைய கரணைகளைச் சாலின் அடியில், கண்கள் பக்கவாட்டில் இருக்குமாறு படுக்கவைத்து, ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை மண்ணால் மூடுக. சால்களுக்கிடையே நாலரை அடி இடைவெளி விடப்படின், ஓர் ஏக்கரிற் சால்களின் மொத்த நீளம் 9,680 அடியாகும். ஓர் அடி முதல் ஒன்றேகால் அடி வரை நீளமுள்ள கரணைகளை முனையொடு முனை தொடும்படி வைத்தால், ஏக்கருக்கு ஏறக்குறைய 7,700 முதல் 9,700 வரை தேவைப்படும்.

முளைப்பு இரண்டு மூன்று வாரங்களில் வெளிப்படும். அதுவரை சால் உலர விடப்படலாகாது. முதல் மூன்று நான்கு மாதங்களிற் களையை அடக்கி வைத்தல் வேண்டும். அடிக்கட்டுப் பசளையும் மேற்கட்டுப் பசளையும் சிபார்சு செய்யப்பட்ட அளவில் இடுவதுடன், கரணை வெட்டுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்னர் சிறிதளவு யூரியாவை இட்டு நீர்பாய்ச்சினால், தண்டிற் போசணை மிகுந்து கண்கள் விரைவாகவும் ஒருசீராகவும் முளைக்கும்.

நோய்ப் புதர்களை அகற்றல்

தவறணையின் வெற்றி இவ்வேலையிலேயே தங்கியுள்ளது. முளைப்பு முடிந்த நாள் முதல் நான்காம் மாதம் வரை இரு வாரங்களுக்கு ஒரு முறையும், அதன் பின்னர் மாதம் ஒரு முறையும், சால் சாலாக நடந்து ஒவ்வொரு புதரையும் பார்த்தல் வேண்டும். காலை வெயிலில், சூரியனை முதுகுப்புறம் வைத்து நடந்தால் வெளிறிய இலைகள் எளிதிற் கண்ணிற்படும்.

வெள்ளிலை கண்ட புதரை இலையை மட்டும் கிள்ளி விடாது, வேருடன் தோண்டி எடுத்து அழிக்க வேண்டும். அடிக்கட்டை மண்ணில் நின்றால் அது மீண்டும் துளிர்க்கும். இலைத்தத்திகள் அதிற் சாறுண்டு அயற்புதருக்குச் செல்லும். கரிப்பூட்டைச் சாட்டையைக் கண்டால் முதலில் நனைத்த சாக்கினால் அதனை மெதுவாக மூடி, அடியில் வெட்டி, சாக்குடன் எடுத்துச் சென்று எரிக்க வேண்டும். அதன் பின்னரே புதரைத் தோண்டலாம். திறந்த சாட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு வயலூடே நடப்பவர், நோயை விதைத்துக்கொண்டு நடப்பவரேயாவார்.

நன்றாக வளர்ந்த புதரைத் தோண்டி எறிதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை. எனினும் முன்னர்க் கூறிய கணக்கை நினைவிற் கொண்டால், இன்று ஒன்றைத் தோண்ட மறுப்பவர் நாளை பதினைந்தைத் தோண்ட வேண்டிவரும் என்பது விளங்கும். தவறணை முழுவதும் வெள்ளிலை பரந்து காணப்படுமாயின், அதனை விதைக்கு வழங்காது ஆலைக்கு அனுப்புதலே நேர்மையாகும். தவறணை நடத்துபவருக்கு அதனால் நட்டம் உண்டாயினும், அயலவர் எட்டு ஏக்கரிற் பல ஆண்டுகள் நட்டப்படுவது தவிர்க்கப்படும்.

கத்தியின் தூய்மை

ஒரு நோய்த் தண்டை வெட்டிய கத்தியிலுள்ள சாறு, அடுத்து வெட்டப்படும் பல தண்டுகளுக்கு மறுதாம்புக் குட்டை நோயை ஏற்றும். எனவே ஒவ்வொரு வெட்டுநருக்கும் இரண்டு கத்திகள் வேண்டும். ஒன்று வேலையில் இருக்கும்பொழுது, மற்றையது சாறும் மண்ணும் கழுவப்பட்டு, லைசோல் போன்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறிக்கொண்டிருத்தல் வேண்டும். வரிசைக்கு வரிசை கத்தியை மாற்றுக. ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குச் செல்லும்பொழுது இதனை ஒருபோதும் தவிர்த்தலாகாது. முற்கூறிய பரிகாரத் தொட்டிக்குப் பெருஞ்செலவாகும். இதற்கு ஒரு வாளியும் ஒரு மேலதிகக் கத்தியுமே செலவு.

கரணை வெட்டுதலும் தெரிதலும்

தண்டின் சோகை கண்களுக்குக் காப்பாதலின், அதனை நடும் இடம்வரை உரிக்காது கொண்டு சென்று, அங்கே கையினால் உரித்தல் வேண்டும். கத்தியினாற் சீவினாற் கண் சிதையும். மரக்கட்டையின் மேல் வைத்து, கூரிய கத்தியால் கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரே வெட்டாக வெட்டுக. பிளந்த முனை அழுகலுக்கு வாயிலாகும். தண்டு துளைப்பான் துளைத்தவை, உள்ளே சிவந்தவை, கோறையானவை, கண் சிதைந்தவை, முன்னரே வேர்விட்டவை ஆகியவற்றை நீக்கிவிடுக. வெட்டிய கரணையை வெயிலிற் குவித்து வைக்காது, அன்றோ மறுநாளோ நடுதல் வேண்டும்.

ஒற்றைக்கண் நாற்று

கரணை அரிதாயுள்ள புதிய வருக்கங்களை விரைவிற் பெருக்குவதற்கு, ஒரு கண்ணை மட்டும் கொண்ட சிறு துண்டை மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பிய பையிலோ தட்டிலோ இட்டு நாற்றாக்கும் முறை ஏற்றது. மிளகாய் நாற்றை வளர்த்துப் பழகிய மரக்கறிக் கமக்காரருக்கு இது கடினமன்று. ஐந்து அல்லது ஆறு வாரங்களில் நாற்று வயலுக்குத் தயாராகும். கரணை முளைக்காது விடுபட்ட இடங்களை நிரப்புதற்கும் இதுவே சிறந்த வழி. ஆயின் கண் எடுக்கப்படும் தாய்க்கரும்பு நோயற்றதாயிருத்தல் இங்கும் இன்றியமையாதது. நோயுற்ற கண்ணைத் தட்டில் வளர்ப்பதனால் நோய் நீங்காது. அது முன்னிலும் விரைவாகப் பெருகும்.

கரணை வாங்கும் கமக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இத்தவறணையின் தாய்க் கரும்பு எங்கிருந்து பெறப்பட்டது? அதற்கு வெந்நீர்ப் பரிகாரம் செய்யப்பட்டதா?
2. பயிரின் வயது என்ன? அது முதற் பயிரா, மறுதாம்பா? மறுதாம்பாயின் விதைக்கு வாங்குதலாகாது.
3. நோய்ப் புதர்கள் எத்தனை முறை அகற்றப்பட்டன? கடைசி முறை எப்பொழுது?
4. வெட்டுநரின் கத்திகள் கிருமிநீக்கம் செய்யப்படுகின்றனவா?
5. கரணை எப்பொழுது வெட்டப்பட்டது?

இக்கேள்விகளைக் கேட்பதற்குக் கமக்காரர் கூச்சப்படுதல் வேண்டியதில்லை. கரும்புக்குரிய பணம் வெட்டு முடிந்து கரும்பு ஆலைக்குச் சென்ற பின்னரே கைக்கு வருகின்றது. விதைக்கும் பசளைக்கும் பெற்ற கடனோ அதற்கு முன்னரே கணக்கில் ஏறிவிடுகின்றது. முதல் வெட்டில் கடனை அடைத்து, மறுதாம்பில் மிச்சம் காண்பதே கரும்புக் கமக்காரரின் எதிர்பார்ப்பாகும். அம்மிச்சத்தை எடுத்துச் செல்வது மறுதாம்பைக் குன்றச் செய்யும் நோயே. நோயற்ற கரணைக்குச் சற்றுக் கூடுதலான விலை கொடுக்க நேரினும், அது பயிர் நிற்கும் ஆண்டுகள் அனைத்துக்கும் பகிர்ந்து பார்க்கத்தக்க செலவாகும்.

வருக்கத் தெரிவு, பரிகாரம் பெற்ற கரணைகளைப் பெறுதல் ஆகியவை பற்றி உடவளவையிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிறுவனத்திடமோ, அப்பகுதித் தொழிற்சாலையின் வெளிக்கள உத்தியோகத்தரிடமோ ஆலோசனை பெறலாம். நடுகைக்கு ஓராண்டு முன்னரே இதனைக் கேட்டறிதல் நன்று. தவறணை வளர்வதற்கு எட்டு மாதங்கள் செல்லும் என்பதை மறத்தலாகாது.